வில்லனைத் தேடிய பூட்டுக்காரர்

அந்தத் தெருவில் வந்து பூட்டுக்காரர் கடை எங்கே என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். டிரெய்லர் கடை என்று கேட்டால் போதும், சின்னப்பிள்ளைகூடக் கையை நீட்டிக் காட்டிவிடும். ஒரு டூப்ளிகேட் சாவி வெட்டி முடிப்பதற்குள் ஒரு முழுப் படத்தின் கதையை, சண்டைக்காட்சி உட்பட, சொல்லி முடித்துவிடுவார் என்பதால் வந்த பெயர் அது. டிரெய்லராவது முடிவை மறைத்து வைக்கும். இவர் அதையும் போட்டு உடைத்துவிடுவார். புதிதாகக் குடிவந்த ஒருவர் பெயரைத் தப்பாகக் காதில் வாங்கிக்கொண்டு, நீளம் குறைக்க வேண்டும் என்று இரண்டு பேண்ட்டோடு வந்து நின்றார். அவரையும் சும்மா அனுப்பவில்லை, ஒரு கதை சொல்லித்தான் அனுப்பினார்.

கடை என்பது ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கிக் கிடந்த இடம். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நுழைய முடியும். சுவர் முழுக்க வெட்டப்படாத சாவிகள் ஆணியில் தொங்கும். மேலே யாராவது படியேறினால் தலையில் சுண்ணாம்புத் தூள் விழும். அவர் ஐம்பதைத் தாண்டியவர். அந்தத் தூளையும் நரையையும் பிரித்துப் பார்ப்பதை அவர் மனைவி எப்போதோ விட்டுவிட்டாள்.

சினிமாவை அவர் பொழுதுபோக்காக மட்டும் பார்க்கவில்லை. வாழ்க்கையே அந்த இலக்கணப்படிதான் நடக்கிறது என்று நம்பினார். பஸ் தாமதமானால் அது சஸ்பென்ஸ். வேலை மும்முரத்தில் கரண்ட் போனால் இடைவேளை. மகள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பிரசவ அறைக்கு வெளியே அப்பாமார்கள் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "சார், ஓரமா உட்காருங்க. தரை துடைக்கணும்," என்று துடைப்பத்தோடு ஒரு அம்மா வந்து அந்தக் காட்சியைக் கெடுத்தாள். குழந்தை பிறந்த செய்தி வந்தபோது அவர் காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துக்கொண்டு, தரை காய்வதற்காகக் காத்திருந்தார்.

எல்லாக் கதைக்கும் ஒரு துரோகம் வேண்டுமல்லவா? அவருக்கும் ஒன்று இருந்தது. அவருடைய சொந்தத் தம்பி. தொழிலைக் கற்றுக்கொடுத்து, அதே மாடிப்படிக் கடையில் பக்கத்திலேயே நிறுத்தி வேலை வாங்கிய தம்பி, ஒருநாள் சொல்லிக்கொண்டு போய், சிக்னலுக்கு அந்தப்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட தனிக்கடை திறந்துவிட்டான். அன்று கொட்டுகொட்டென்று மழை பெய்தது என்றும், நனைந்தபடி தம்பி திரும்பிப் பார்க்காமல் நடந்தான் என்றும் அவர் சொல்வார்.

"மழையா? அன்னைக்கு அடிச்ச வெயில்ல நம்ம வீட்டு வடகமே ஒருநாள்ல காஞ்சிடுச்சு," என்பாள் மனைவி. அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்கள் கிறுக்குவதையே படித்துவிடுகிறவளுக்கு இவர் மனத்தில் எழுதி வைத்திருப்பதைப் படிப்பது பெரிய வேலை இல்லை.

அண்ணனும் தம்பியும் பேசாமல் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. உறவுக்காரர் வீடுகளில் பார்த்தால் "வாங்க", "சாப்பிட்டாச்சா" எல்லாம் உண்டு. ஆனால் தம்பி தலையை ஆட்டினால் அதில் ஒரு ஏளனம், ஆட்டாவிட்டால் அதில் ஒரு திமிர் என்று இவர் வீட்டுக்கு வந்து விளக்கவுரை சொல்வார்.

இப்படி இருக்கும்போதுதான் நூலகத்தின் மாடி ஹாலில் திரைக்கதை வகுப்பு ஒன்று தொடங்கியது. வாரத்தில் ஒரு சாயங்காலம். விளம்பரத்தாளைக் கொண்டுவந்து கொடுத்தது மனைவிதான். "அங்க போய்ச் சொல்லுங்க. அவங்க கேட்டுத்தான் ஆகணும்," என்றாள். அன்பினால் சொன்னாளா, ஒரு சாயங்காலமாவது வீட்டில் அமைதி கிடைக்கட்டும் என்று சொன்னாளா என்பதை அவர் ஆராயவில்லை. ஆராய்ந்தால் இரண்டாவதுதான் வரும் என்று தெரியும்.

வகுப்பு எடுத்தவள் ஒரு எடிட்டர். அவர் மகளைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். படத்தொகுப்பு அறையிலேயே பாதிநாள் கழிப்பதால் வெளிச்சத்தைக் கண்டால் கண்ணைச் சுருக்குவாள். முதல் நாளே ஒவ்வொருவராக எழுப்பி ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"உங்க கதாநாயகனுக்கு என்ன வேணும்?"

டிரெய்லர் எழுந்து தொண்டையைச் செருமினார். பின்னணி இசைக்குக் கொஞ்சம் இடம் விட்டார். "நிம்மதி," என்றார்.

"நிம்மதியைக் கேமராவுல எப்படி சார் காட்டறது? கையால தொடற மாதிரி ஏதாவது சொல்லுங்க. ஒரு வீடு, ஒரு பெட்டி, ஒரு டிக்கெட். அது கிடைக்கணும்னு அவன் கிளம்பணும். குறுக்க யாராவது நிக்கணும். அப்பத்தான் கதை நகரும்."

குறுக்கே நிற்பவர் யார் என்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரத்துக்குள் பத்துப் பக்கம் எழுதிவிட்டார். கதாநாயகன், உழைப்பாளி, உத்தமர், ஒரு பூட்டுக்கடை வைத்திருந்தார். தம்பி கதாபாத்திரத்துக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியும் அவ்வப்போது ஒரு சிரிப்பும் கொடுத்திருந்தார். மழை முழுப்பக்கம் பெய்தது.

எடிட்டர் பெண் படித்துப் பார்த்துவிட்டுப் பென்சிலால் காதைச் சொறிந்தாள். "உங்க வில்லன் ஏன் சார் சிரிச்சுக்கிட்டே இருக்காரு?"

"வில்லன் இல்லீங்களா?"

"எந்த வில்லனும் காலையில எந்திரிச்சு 'நான் வில்லன்'னு பல்லு தேய்க்க மாட்டான் சார். அவன் கதையில அவன்தான் ஹீரோ. இவரு ஏன் கடையை விட்டுப் போனாரு? அவருக்கு என்ன வேணும்? அது உங்களுக்கே தெரியல. அதான் சிரிக்க விட்டிருக்கீங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி செருப்பில் புகுந்த கல் மாதிரி உறுத்தியது. இத்தனை வருஷமாக உலகத்துக்கே சொல்லிவந்த கதையில் முக்கியமான இடத்தில் ஓட்டை. அதையும் ஒரு சின்னப்பெண் கண்டுபிடித்துவிட்டாள்.

மனைவியிடம் கேட்டார். "அவன் ஏன் போனான்?"

"போய் அவர்கிட்டயே கேளுங்களேன். ரோட்டைத் தாண்டினா கடை. நடுவுல என்ன கடலா இருக்கு?"

அடுத்த இரண்டு மூன்று நாள் சிக்னல் கம்பத்துக்குப் பின்னால் நின்று தம்பி கடையை நோட்டம் விட்டார். கதாபாத்திர ஆய்வு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கம்பம் ஒல்லியானது. அவர் தொப்பை அப்படி இல்லை. கடைசி நாள் தம்பி உள்ளேயிருந்தே கையசைத்ததும் வேலையாகப் போகிறவர் மாதிரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்துவிட்டார். கையில் கடிகாரம் இல்லை என்பது பாதி வழியில்தான் தெரிந்தது.

கடைசியில் ஒரு சாக்குக் கிடைத்தது. வீட்டுச் சாவிக்கு ஒரு டூப்ளிகேட் வேண்டும் என்று போவது. ஊரெல்லாம் சாவி வெட்டித்தரும் பூட்டுக்காரர் இன்னொரு கடைக்குப் போய்ச் சாவி வெட்டக் கேட்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பதை, சொன்னவுடனேயே மனைவி முகத்தில் பார்த்துவிட்டார். ஆனாலும் போனார். மெதுவான நடை, நேரான பார்வை, கதவைத் திறந்ததும் ஒரு நிமிட மௌனம் என்று எல்லாம் தயார். கண்ணாடிக் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். உள்ளேயிருந்த தம்பி, 'இழுக்கவும்' என்று ஒட்டியிருந்த தாளைச் சுட்டிக்காட்டினான். முப்பது வருஷமாக மற்றவர் கதவைத் திறந்து பிழைத்தவருக்கு அந்த நுழைவுக் காட்சி அவ்வளவுதான் அமைந்தது.

"என்னண்ணா, உன் மெஷின் ரிப்பேரா?"

"ஆமா, மோட்டார் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

தம்பி சாவியை வாங்கி மெஷினில் மாட்டினான். உட்கார்ந்தபடியே வேலை செய்தான். இரும்புத்தூள் பறந்தது. அந்தச் சத்தத்தில் கேட்டால்தான் தைரியம் வரும் என்று தோன்றியது.

"ஏன்டா போன?"

"எங்க?"

"என் கடையை விட்டு."

தம்பி மெஷினை நிறுத்தினான். "இதைக் கேக்கவா சாவியோட வந்த?"

"சொல்லு."

"முதுகுவலிண்ணா. நாள் முழுக்க நிக்க முடியல. அந்தப் படிக்கட்டுக்குக் கீழ ஒரு ஸ்டூல் போடக்கூட இடமில்ல. போட்டா நீ வெளிய நிக்கணும். அதான் இங்க வந்தேன்." தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் குனிந்து பார்த்துக் காட்டினான். சுழலும் ஸ்டூல். முதுகுக்குச் சாய்மானம் இருந்தது.

"ஸ்டூலா?"

"ஸ்டூல்தான்."

"இதை ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னேனே. ரெண்டு தடவை சொன்னேன். நீ யாருக்கோ ஒரு படத்துல அப்பாவும் மகனும் பிரியற சீனைச் சொல்லி அழுதுக்கிட்டிருந்த. அந்தம்மாவும் அழுதாங்க. நடுவுல வந்து முதுகுவலின்னு பேச எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு."

பூட்டுக்காரர் குனிந்து ஸ்டூலின் காலைப் பார்த்தார். இத்தனை காலம் பாலூட்டி வளர்த்த பகை ஒரு ஸ்டூலின் நான்கு கால் மேல் நின்றுகொண்டிருந்தது. அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. தம்பியின் கதையில் தானாவது வில்லனாக இருப்போம் என்று எதிர்பார்த்து வந்திருந்தார். அதிலும் இடமில்லை. அங்கே வில்லன் முதுகெலும்பின் கீழ்ப்பக்கத்தில் ஒரு டிஸ்க். இவர் சும்மா ஓரமாக நின்று படக்கதை சொல்லிக்கொண்டிருந்த ஒரு ஆள்.

அந்த நேரத்தில் தம்பியின் போன் அடித்தது. அவன் கேட்டுக்கொண்டே எழுந்தான். பக்கத்துத் தெரு அடுக்குமாடியில் ஒரு வீடு. உள்ளே வயதான அப்பா தனியாக. காலையிலிருந்து போன் எடுக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த மகள் தன் சாவியைப் போட்டால் உள்ளே போகவில்லை.

"உள்பக்கம் சாவி பூட்டுலயே இருக்கு போலண்ணா. கதவும் பழசு, தொங்கிப் போயிருக்குமாம். ஒருத்தர் இழுத்துப் பிடிக்கணும். வர்றியா?"

இப்படி ஒரு அழைப்பு வந்தால் எந்தக் கதாநாயகனும் ஒரு வசனம் பேசுவான். இவர், "என் பை கடையில இருக்கு," என்றார்.

"பை என்கிட்ட இருக்கு. உன் கை மட்டும் போதும்."

இரண்டாவது மாடியில் அந்த மகள் கதவைத் தட்டித்தட்டிக் கை சிவந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். தோளில் மாட்டியிருந்த பயணப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "உடைச்சிடுங்க. கதவை உடைச்சிடுங்க," என்றாள்.

தம்பி குனிந்து கதவின் அடியில் டார்ச் அடித்தான். உள்ளே ஏதோ மறைத்தது. "உள்ளபக்கமா திறக்கற கதவும்மா. அப்பா கதவுக்குப் பின்னாடி விழுந்து கிடந்தா அவர் மேலயே போய் விழும். கொஞ்சம் பொறுங்க," என்றான். மெல்லிய கம்பியைச் சாவித்துளைக்குள் விட்டு உள்ளிருந்த சாவியைத் தள்ளிவிடப் பார்த்தான். அண்ணன் இரண்டு கையாலும் கைப்பிடியை மேலே தூக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டார். சின்ன அசைவு ஆனாலும் கம்பி நழுவிவிடும்.

மகள் கதவில் நெற்றியை வைத்து அழத் தொடங்கினாள். அவள் குலுங்கியபோது கதவும் குலுங்கியது. கம்பி இரண்டு தடவை நழுவியது. தம்பி கண்ணை எடுக்காமல் சொன்னான்: "அண்ணா, அவங்களுக்கு ஏதாவது கதை சொல்லு."

வாழ்நாளில் முதன்முறையாக ஒருவர் அவரிடம் கதை சொல்லு என்று கேட்டார். அவர் மண்டையில் ஒரு படம்கூட இல்லை. ஆயிரம் படம் பார்த்த மண்டை. துடைத்து வைத்த பலகை மாதிரி இருந்தது. கடைசியில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"ஒரு ஊர்ல ரெண்டு பூட்டுக்காரங்கம்மா. அண்ணன், தம்பி. தம்பி போனது பெரிய துரோகம்னு அண்ணன் ரொம்ப வருஷமா நினைச்சிக்கிட்டிருந்தான். மழை எல்லாம் பெஞ்சதா நினைச்சான்..."

எங்கேயும் கூட்டிச் சொல்ல முடியவில்லை. கூட்டினால் பக்கத்தில் இருக்கும் தம்பி கேட்டுவிடுவான். அதனால் நடந்ததை நடந்தபடியே சொன்னார். சிக்னல் கம்பத்துக்குப் பின்னால் நின்றதைச் சொன்னார். இழுக்க வேண்டிய கதவைத் தோளால் தள்ளியதைச் சொன்னார். அந்தப் பெண் அழுகையோடு அழுகையாக மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தாள். பிறகு வெட்கப்பட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவிலிருந்து தள்ளி நின்றாள். கதவு ஆடுவது நின்றது.

"கடைசியில போய்க் கேட்டா, ஒரு ஸ்டூலாம்மா காரணம்," என்று அவர் சொல்லும்போது உள்ளே சாவி 'டங்' என்று தரையில் விழுந்தது. மகளின் சாவியைத் தம்பி உள்ளே விட்டுத் திருப்பினான். கதவை மிக மெல்ல, ஒரு கை நுழையும் அளவு திறந்தார்கள். பெரியவர் கதவை ஒட்டித்தான் கிடந்தார். கதவைத் திறக்க வந்தபோது கால் வழுக்கியிருக்கிறது. எழ முடியவில்லை, கத்தவும் குரல் இல்லை. மகள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பெரியவரின் உதடு காய்ந்திருந்தது. கண் மட்டும் மகளைத் தாண்டி வாசலைப் பார்த்தது.

"அந்த ஸ்டூல்..." என்றார். "அப்புறம்?"

பதில் சொல்லியிருந்தால் பூட்டுக்காரர் தம்பி முன்னால் அழுதிருப்பார், அதனால் ஆம்புலன்சுக்கு வழி காட்டுகிறேன் என்று கீழே ஓடினார். ஓடும்போதே ஒரு எண்ணம் வந்தது. இத்தனை வருஷம் எத்தனை கதவு திறந்திருக்கிறார்! திறந்ததும் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார். அவர் கிளம்பும் நொடியில்தான் ஒவ்வொரு வீட்டிலும் கதை தொடங்கியிருக்கும். ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. டிக்கெட் கிழிக்கிற ஆள் மாதிரி வாசலோடு போய்விட்டு, உலகத்துக்கே கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்தது. டிரைவரிடம் தவறான படிக்கட்டைக் காட்டினார். தம்பி மாடியிலிருந்து கத்திச் சரிசெய்தான்.

திரும்பி வரும்போது தெருமுனையில் டீ குடித்தார்கள். உணர்ச்சி வேகத்தில் இருந்த அண்ணன், "பேசாம நாம மறுபடி சேர்ந்து ஒரு கடை போட்டா என்னடா?" என்றார்.

தம்பி பதறிவிட்டான். "வேண்டாம்ணா. தப்பா எடுத்துக்காத. நீ ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்தாத்தான் எனக்கு வேலை ஓடும். வேணும்னா ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. கதை சொல்லு. என் வீட்டுக்காரியும் பிள்ளைங்களும் கேப்பாங்க."

அதுவே அவருக்கு அதிகமாக இருந்தது.

அடுத்த வகுப்பில் நடந்ததை அப்படியே எழுதிக் கொண்டுபோய்ப் படித்தார். கறுப்புக் கண்ணாடி இல்லை, மழை இல்லை. எடிட்டர் பெண் கவனமாகக் கேட்டாள். மற்றவர்கள் கைதட்டினார்கள். ஆனால் அவள் பென்சில் மறுபடி காதுக்குப் போனது.

"நல்லா இருக்கு சார். ஆனா ஒரு ஸ்டூலுக்காக அண்ணன் தம்பி பிரியறாங்கன்னா படத்துல யாரும் நம்ப மாட்டாங்க. ஒரு நிலம், இல்லன்னா ஒரு பொண்ணு, ஏதாவது வெயிட்டா வைங்களேன்."

"நடந்தது அதுதானேம்மா."

"நடந்ததுதான் சார் கஷ்டம். அதுக்கு யாரையும் நம்ப வைக்க வேண்டிய அவசியமே இல்ல, பாருங்க. நமக்கு இருக்கு."

அவர் வீட்டுக்கு வந்து நிலம் வைத்து எழுதிப் பார்த்தார். இரண்டு பக்கத்திலேயே தம்பி மறுபடி சிரிக்கத் தொடங்கிவிட்டான். எழுதியதைக் கிழித்துப் போட்டார். வகுப்பு முடியும்வரை போனார். ஆனால் மற்றவர் படிப்பதைக் கேட்கத்தான் போனார். மனைவிக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். மனிதர் திடீரென்று அமைதியாக இருக்கிறாரே என்று மருந்துக்கடையிலிருந்து ஒரு சத்து டானிக் வாங்கி வந்து கொடுத்தாள்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெரியவரின் மகள் போன் செய்தாள். இடுப்பு எலும்பில் விரிசல், படுக்கையில்தான் இருக்கிறார், உங்களைப் பார்க்க வேண்டும் என்று நச்சரிக்கிறார் என்றாள். பூட்டுக்காரர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். போகும் வழியில் ஸ்டூல் கதையின் மிச்சத்தை எப்படிச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

கட்டிலுக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்புறம் என்னாச்சுன்னா..." என்று ஆரம்பித்தார்.

"அது இருக்கட்டும்," என்று பெரியவர் கையமர்த்தினார். "உங்களைக் கூப்பிட்டதே வேற விஷயத்துக்கு. அன்னைக்குத் தரையில கிடக்கும்போது என் கதையை யார்கிட்டயும் சொல்லாமப் போயிடுவேனோன்னு பயந்துட்டேன். மகளுக்கு நேரமில்ல. நீங்கதான் சரியான ஆள். கதை தெரிஞ்சவர்."

மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பெரியவர் தான் பிறந்த வீட்டிலிருந்து தொடங்கினார். அந்த வீட்டின் வாசல், அதன் பக்கத்து வீடு, அந்த வீட்டில் வளர்த்த ஆட்டின் குணம் என்று ஒவ்வொன்றாக வந்தது. வில்லன் வரவில்லை. திருப்பம் எதுவும் தெரியவில்லை. ஆடு மட்டும் அடிக்கடி வந்தது. பூட்டுக்காரருக்கு நாக்கு துறுதுறுவென்றது. இங்கே வெட்டலாம், அங்கே ஒரு இடைவேளை விடலாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். தம்பி போன் செய்தான், எடுக்கவில்லை. டீ வந்தது, ஆறியது, இன்னொரு டீ வந்தது. ஜன்னல் வெளிச்சம் சுவரில் ஏறி, கூரைக்குப் போய், மங்கிவிட்டது.

அவர் எழுந்து விடைபெற்றபோது, பெரியவருக்குக் கதையில் இன்னும் பதினொரு வயது முடியவில்லை.